மலை மறைத்த பொழுது

1

என் மகளுக்கு நான் சோறு போடுவதில்லை என்று அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியது யாரோ வேண்டாதவர்கள் இல்லை, மகளேதான்.

செய்தி கைபேசியில் வந்தது. இந்த நாட்டில் பள்ளிக்கூடத்தார் பெற்றோரோடு பேசுவதற்கென்றே ஒரு ஆப் வைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கையுறை கொடுத்தனுப்புங்கள், வகுப்பில் பேன் வந்திருக்கிறது தலையைப் பாருங்கள் என்றெல்லாம் அதில் வரும். அன்று வந்ததும் அதே மரியாதையோடுதான் வந்தது. அஜிதாவின் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், உங்களுக்கு எந்த நேரம் வசதிப்படும் என்று கேட்டிருந்தார்கள். ஸ்வீடன்காரர்கள் தலைபோகிற காரியத்தையும் வசதி கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

நான் செஞ்சிக்காரி. கல்யாணமாகி இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஸ்வீடனின் வடக்கில், ஓர் ஆறும் ஒரு மர ஆலையும் உள்ள ஊர். கணவர் ஸ்ரீபால் அந்த ஆலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நான் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறேன். அஜிதாவுக்கு எட்டு வயது.

எனக்கு எதற்கும் முதலில் வருவது கோபம்தான். பயம், அழுகை எல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். அன்றும் அப்படித்தான். பிள்ளையைச் சரியாக வளர்க்காவிட்டால் அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று இங்கே நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் பேசிக்கொள்வார்கள். அதில் பாதி கதை, பாதி நிஜம். எந்தப் பாதி எது என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பயம் எனக்கு வந்து சேர்வதற்குள் அஜிதாவை நிறுத்தி வைத்து, "இன்னாடி சொன்ன ஸ்கூல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

உண்மையைத்தான் சொன்னேன் என்றாள், ஸ்வீடிஷில். என்னிடம் பயம் வந்துவிட்டால் அவள் ஸ்வீடிஷுக்குப் போய்விடுவாள். அந்த பாஷையில் என்னால் அவளைத் துரத்திப் பிடிக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

உண்மை என்னவென்றால், எங்கள் வீட்டில் மாலை ஆறு மணிக்கு மேல் சோறு கிடையாது. ஆறு அடிக்கும்போது தட்டில் மிச்சம் இருந்தால் நான் தட்டை எடுத்துவிடுவேன். எடுத்துவிடுவேன் என்று எழுதுகிறேன். பிடுங்குவேன் என்பதுதான் சரி.

2

செஞ்சி வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நயினார் வீடு என்றால் விளக்கு வைத்த பிறகு சோறு இல்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர்கள், ஊரில் எங்களை நயினார் என்பார்கள். இருட்டில் சாப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிர் ஏதாவது வாயில் போய்விடும் என்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

எங்கள் சொந்த ஊர் மேல்சித்தாமூர். நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, செஞ்சி பஜாரில் பாத்திரக் கடை. நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்த நைனா என்னைத் தன்னோடு செஞ்சிக்கே கூட்டி வந்துவிட்டார். கடைக்குப் பின்னால் சரக்கு வைத்திருந்த அறைதான் எங்கள் வீடு. முன்னால் அண்டா, குண்டான், தவலை. பின்னால் நாங்கள் இரண்டு பேர்.

பாத்திரக் கடைக்குக் கூட்டம் வருவதே சாயங்காலம்தான். கல்யாணச் சீர் வாங்க வேன் பிடித்துக்கொண்டு குடும்பமாக வருவார்கள். நைனா சரியாக அந்த நேரத்தில் எழுந்து உள்ளே வந்து அரிசி களைவார். பக்கத்து ஜவுளிக் கடைக்காரர், "யாவாரம் வாசல்ல நிக்குது, நயினார் சோறாக்கப் போறாரு" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்வார். நைனா அரிசியைக் களைந்துகொண்டே இருப்பார். பொண்ணு சாப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய சட்டம்.

அவர் ரொம்ப சாந்தமானவர் என்று நினைத்துவிட வேண்டாம். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? என்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. அடி வாங்கியதெல்லாம் பாத்திரங்கள். கரண்டியைப் போடுகிற வேகத்தில் சுவர் அதிரும். அடுப்படியில் ஒரு குண்டான் புதிதாக நசுங்கியிருந்தால், அன்றைக்கு அவருக்கு அம்மா ஞாபகம் அதிகம் என்று நான் தெரிந்துகொள்வேன். விற்கிற பாத்திரத்தைத் தொட மாட்டார். கோபத்திலும் வியாபாரி.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது எங்கள் வழக்கமே தலைகீழானது. டிசம்பரில் இங்கே மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் இருட்டிவிடும். ஜூனில் சூரியன் போய்த் தூங்குவதே இல்லை, கொஞ்சம் தலையைச் சாய்த்துவிட்டு எழுந்து வந்துவிடும். "ஜூன்ல விருந்து, டிசம்பர்ல பட்டினியா? இது எந்த ஊரு நியாயம்" என்றார் ஸ்ரீபால். அவர் வந்தவாசிப் பக்கம். அங்கத்துக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் கேலி. கடைசியில் ஊரில் பொழுது சாய்கிற நேரம் எதுவோ அதையே வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். ஊரில் ஆறு என்றால் இங்கேயும் ஆறு. சூரியன் என்ன செய்தாலும் அது சூரியன் பாடு.

அதையும் கறாராக வைத்துக்கொண்டோமா என்றால் இல்லை. அஜிதா சின்னப் பிள்ளையிலிருந்தே மெதுவாகத்தான் சாப்பிடுவாள். ஒரு வாய், ஒரு கதை, ஒரு பாட்டு, அப்புறம் இன்னொரு வாய். ஆறே கால் ஆகும், ஆறரை ஆகும். யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. என் முதியோர் இல்லத்தில் இரவுச் சாப்பாடு சாயங்காலம் நாலரைக்கே போட்டுவிடுவார்கள். இந்த ஊரில் நயினார் வீட்டு நேரப்படி சாப்பிடுகிறவர்கள் என் கிழவர்கள்தான் என்று ஸ்ரீபாலிடம் சொல்லிச் சிரிப்பேன். அப்போதெல்லாம் நான் சிரிப்பேன்.

3

பள்ளிக்கூட ஆலோசகரின் பெயர் கரின். போன டிசம்பரில் ஒரு நாள் மதியம் இரண்டரைக்கு என்னை வரச் சொல்லியிருந்தாள். ஜன்னலுக்கு வெளியே கன்னங்கரேல் என்று இருட்டு. மேஜைமேல் மெழுகுவத்தி, ஒரு தட்டில் இஞ்சி பிஸ்கட். எடுத்துக்கொள்ளச் சொன்னாள், எடுத்துக்கொண்டேன்.

நான் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிருந்தேன். இது எங்கள் மத வழக்கம், பட்டினி போடுவது இல்லை, பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் நாலு மணிக்கு ஒரு தரம் சாப்பிடுகிறாள், ஐந்தரைக்குச் சோறு போடுகிறேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பொழுது சாய்ந்த பிறகு நாங்கள் எதையும் வாயில் வைப்பதில்லை என்று முடித்தேன்.

கரின் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த பாதி பிஸ்கட்டைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, அந்த மட்டில் நல்லவள். எனக்குக் காது சுட்டது. அது அப்படியில்லை, எங்களுக்கு ஆறு மணிக் கணக்கு என்று விளக்கினேன். ஏன் ஆறு என்று கேட்டாள். எங்கள் ஊரில் சூரியன் ஆறு மணிக்கு மறையும் என்றேன். அப்படியென்றால் இது சூரியன் இல்லை, கடிகாரம்தானே என்றாள். குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே புரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் இல்லாத கேள்வி கேட்பவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் அப்போதும் வந்தது.

அஜிதா சொன்னதை அவள் படித்துக் காட்டினாள். "முன்னாடி அம்மா நான் முடிக்கிற வரைக்கும் காத்திருப்பாங்க. தம்பி பொறந்ததுக்கு அப்புறம்தான் தட்டை எடுத்துடுறாங்க."

வீட்டில் கைக்குழந்தை இருந்தால் எந்தத் தாய்க்கும் பொறுமை குறையும், அதை நான் புரிந்துகொள்கிறேன் என்றாள் கரின். நாங்கள் வீடு மாறி, அஜிதா இந்தப் பள்ளிக்கு வந்து அதிக நாளாகவில்லை. கரினுக்கு எங்கள் கதை தெரியாது. சிநேகமாகக் குனிந்து, சின்னவனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டாள்.

அவனுக்கு வயது இல்லை என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கு ஸ்வீடிஷ் வரவில்லை, தமிழும் வரவில்லை. மெழுகுவத்தியையே பார்த்துக்கொண்டு அழுதேன். கரின் எழுந்து வந்து தொடவோ தேற்றவோ இல்லை. பிஸ்கட் தட்டை மட்டும் ஓரமாக நகர்த்திவிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள்.

4

அவன் பிறந்தது அதற்கு முந்தின வருஷம் ஜூனில். நாள் ஆகும் முன்பே பிறந்துவிட்டான். அன்றே போய்விட்டான். இந்த ஊரில் இருட்டே இல்லாத நாட்கள் அவை. என் பிள்ளை இருட்டையே பார்க்காமல் போனான் என்று சில நாள் அதை ஒரு ஆறுதலாக நினைப்பேன், சில நாள் அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் அவனை என் கையில் கொடுத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள் என்றார்கள். நம் ஊரில் அப்படிக் கொடுப்பதில்லை. தாயின் கண்ணில் காட்டாமலே கொண்டுபோய்விடுவார்கள். எது நல்லது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இந்த நாட்டில் பிறப்பையும் இறப்பையும் பதிந்துகொள்வது வரி அலுவலகம். பெயர் என்ன எழுதலாம் என்று கேட்டார்கள். நேமி என்று சொன்னேன். கேட்டவர்கள்மேல் கோபத்தோடு சொன்னேன்.

பிறகு எனக்குப் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு யார் போய்ச் செய்தி சொல்வது? மாத்திரை கொடுத்து நிறுத்தினார்கள்.

அவன் போன அன்று நைனா போன் செய்தார். ஸ்ரீபால் அவருக்கு நடந்ததை மட்டும் சொல்லியிருந்தார். அவர் குரல் கேட்டதும் ஏதோ ஒன்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். பையன் யாரைப்போல இருந்தான்? பார்த்தாயா? பெயர் வைத்தாயா? எதையும் கேட்கவில்லை. "பொழுது போறதுக்குள்ள எதனா வாயில போடும்மா" என்றார்.

"இங்க பொழுதே போவாது நைனா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தினமும் கூப்பிட்டார். தினமும் ஒரே கேள்வி, சாப்டியா? தினமும் ஒரே பதில், ம். அவர் கேட்கட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவருமாக அந்தப் பெயர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. உறவுக்காரர்கள் சீக்கிரம் இன்னொன்று பெற்றுக்கொள் என்றார்கள், என்னவோ கீழே விழுந்த டம்ளரைப் பற்றிப் பேசுவதுபோல. எதிர்வீட்டு ஸ்வீடன்காரி பூ கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒன்றுமே பேசாமல் போனாள். பேசியவர்கள்மேலும் கோபம், பேசாதவர்கள்மேலும் கோபம். இங்கே கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கு ஒரு சின்னக் கல் இருக்கிறது. ஸ்ரீபாலும் அஜிதாவும் ஞாயிற்றுக்கிழமை போய் வருவார்கள். நான் கோபித்துக்கொண்டு வீட்டில் இருப்பேன்.

கோபம் வெளியே தெரியாத இடத்தில் செலவாக வேண்டும் அல்லவா? ஆறு மணி கிடைத்தது. கோடை போய் இலையுதிரும் காலம் வந்தபோது நான் திடீரென்று ரொம்ப ஆசாரமானவளாக மாறியிருந்தேன். கடிகாரத்தை அடுப்படிச் சுவரிலிருந்து கழற்றிச் சாப்பாட்டு மேஜைக்கு நேர் எதிரே மாட்டினேன். வழக்கம் என்றால் வழக்கம் என்றேன். ஸ்ரீபாலுக்குப் பெரும்பாலும் சாயங்கால ஷிப்ட், அவர் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்க முடியாதவள், இருக்கிற பிள்ளையின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அன்று அழுது முடித்ததும் நைனாவின் போன் வரை இதையெல்லாம் கரினிடம் சொன்னேன். அவள் மேலே எங்கும் எழுதி அனுப்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் கூடிப் பேசும் இடம் ஒன்று இருப்பதாகச் சொன்னாள். பிறகு, அஜிதாவோடு தம்பியைப் பற்றிப் பேசுவதுண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். உங்கள் அப்பாவிடம்? இல்லை. வீட்டுக்கு வந்து ஸ்ரீபாலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், தட்டு விஷயம் உட்பட. அவர் கேலி எதுவும் செய்யாமல் கேட்டார். கிறிஸ்துமஸ் லீவில் அஜிதாவைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டு வா என்றார்.

5

செஞ்சியில் வளர்ந்தவளுக்குக் கண் போகிற தூரத்தில் ஒரு பாறை வேண்டும். இங்கே எல்லாம் தட்டை நிலம், பைன் மரம், பனி. முதியோர் இல்லத்து ஜன்னலில் நின்று எத்தனையோ நாள் தேடியிருக்கிறேன். அதனால் திண்டிவனத்திலிருந்து வரும் வழியில் கோட்டை மலை தெரிந்ததும் பஸ் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டேன். யாரோ கூடைகூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி அதே பாறைகள், அதே வெயில். "யார் இவ்ளோ கல்லு போட்டாங்க?" என்று அஜிதா கேட்டாள்.

நைனா பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தார். இளைத்திருந்தார். பையை வாங்கிக்கொண்டு, "சாப்டியா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ம் என்றேன்.

பஸ் ஸ்டாண்டு வாசலில் அவர் வழக்கமாகக் குடிக்கிற டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அஜிதாவுக்குப் பால், எனக்கு டீ சொன்னார். தனக்கு ஒன்றும் சொல்லவில்லை. டீ மாஸ்டர் கேட்காமலே பால் ஊற்றாத டீ ஒன்றைப் போட்டு அவர் முன்னால் வைத்தார். பால் டீ இல்லாமல் கடையைத் திறக்காதவர் நைனா. சர்க்கரையா, டாக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் மாஸ்டர், "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. நயினார் பால உட்டு ஒண்ணர வருசம் ஆவுது" என்றார்.

எங்களில் ஒரு பழக்கம் உண்டு. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு, கோயிலில் போய்ச் சொல்லிவிட்டு, ஒரு உணவை விட்டுவிடுவார்கள். சிலர் ஒரு வருஷத்துக்கு, சிலர் ஆயுசுக்கும். ஏன் விட்டோம் என்று வெளியில் சொல்லிக்கொண்டு திரிய மாட்டார்கள். அம்மா போனபோது நைனா வெல்லத்தை விட்டவர். எனக்கு அது தெரியும். ஆனால் கையில் டீயை வைத்துக்கொண்டு நான் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்க்காமல் நின்றேன்.

அஜிதாதான் கேட்டாள். "தாத்தா, நீ ஏன் பால் குடிக்கல?"

நைனா என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார். "உன் தம்பி ஒரு வாய் பால்கூடக் குடிக்காம போய்ட்டான் இல்ல கண்ணு? அவனுக்கு இல்லாதது எனக்கு இன்னாத்துக்கு."

"நேமி" என்றாள் அஜிதா.

"இன்னா?"

"தம்பி பேரு நேமி. உனக்குத் தெரியாதா? அம்மா சொல்லாது."

நைனா கிளாஸைக் கீழே வைத்தார். பின்னால் புதுச்சேரி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே கிளம்பியது. அது போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"பேரு வெச்சியாம்மா?"

"வெச்சேன்."

"சொல்லவே இல்லியே."

"நீ கேக்கவே இல்லியே நைனா."

"கேட்டா நீ தாங்குவியா மாட்டியான்னு எனக்குத் தெரில. அவ்ளோ தூரத்துல இருக்குற. அழுதா யாரு புடிக்கிறது? சாப்டியான்னு கேக்கத்தான் எனக்குத் தெரியும்" என்றார். பிறகு நேமி என்று சொல்லிப் பார்த்தார். இன்னொரு தரம், நேமிநாதன் என்று தீர்த்தங்கரரின் பெயரை முழுசாகச் சொன்னார். ஒன்றரை வருஷமாக யார் வாயால் அந்தப் பெயரைக் கேட்க வேண்டும் என்று இருந்தேனோ அவரே சொல்லிவிட்டார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, டீ கிளாஸோடு நின்று அழுதேன். இந்தத் தடவை அந்த அழுகையில் கோபம் இல்லை.

அன்று சாயங்காலம் நைனா கடையை விட்டு எழுந்து வந்து சமைத்தார். பக்கத்துக் கடையில் இப்போது அந்த ஜவுளிக் கடைக்காரரின் மகன் உட்கார்ந்திருக்கிறான். கேலி செய்ய ஆளில்லை. பின்கட்டுக் கதவைத் திறந்துவைத்து, அஜிதாவை அதற்கு எதிரே உட்கார வைத்துச் சாம்பார் சாதம் போட்டார். கதவுக்கு நேரே கோட்டை இருக்கிற ராஜகிரி மலை, அதன் உச்சிக்குப் பக்கத்தில் சூரியன். அஜிதா அதையே வேடிக்கை பார்த்துக்கொண்டு ஒரு வாய், ஒரு கதை என்று சாப்பிட்டாள். தாத்தாவின் தமிழ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மீதிப் பாதிக்குச் சும்மா தலையாட்டினாள்.

திடீரென்று சூரியன் மலைக்குப் பின்னால் போனது. அறைக்குள் நிழல் விழுந்தது.

அஜிதா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இருந்த சோற்றை அள்ளி அள்ளி வாயில் திணிக்க ஆரம்பித்தாள். புரையேறியது. கண்ணில் தண்ணீர் வழிய இருமிக்கொண்டே அடுத்த கவளத்தை எடுத்தாள்.

நைனா எல்லாவற்றையும் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் தலையைத் தட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டு, தட்டைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

"பொழுது எங்கியும் போவல கண்ணு. மலை மறைச்சிக்கிச்சி, அவ்ளோதான். இன்னும் நேரம் இருக்குது. நிதானமா சாப்டு."

இதை நான் கேட்டிருக்கிறேன். இதே அறையில், இதே கதவுக்கு எதிரே, பள்ளிக்கூட யூனிபார்மோடு. அம்மா போன புதிதில் எனக்குச் சோறு இறங்காது. ஒவ்வொரு வாயும் தொண்டையில் நிற்கும். சூரியன் மலைக்குப் பின்னால் போனதும் பதறுவேன். நைனா தினமும் இதைத்தான் சொல்வார்: மலை மறைச்சிக்கிச்சி, அவ்ளோதான். இப்போது நினைத்துப் பார்த்தால் எத்தனையோ நாள் நன்றாக இருட்டியே போயிருந்தது. பஜாரில் விளக்கெல்லாம் போட்டிருப்பார்கள். அப்போதும் மலைதான் மறைத்திருக்கிறது என்பார். தான் மட்டும் முன்னாலேயே முடித்துவிட்டு, நான் முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவ்வளவு வழக்கம் பார்க்கிற மனுஷன், எனக்காகத் தினமும் சூரியனைப் பிடித்து நிறுத்தி வைத்திருந்தார். ஆறு மணி என்கிற சட்டத்தை மட்டும் நான் பெட்டியில் கட்டிக்கொண்டு போயிருக்கிறேன். இதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவினேன். சோறு வடித்த குண்டானின் இடுப்பில் ஒரு நசுங்கல் இருந்தது. பெரிய நசுங்கல். நான் ஊரில் இருந்தபோது பார்த்ததில்லை. எப்போது விழுந்தது என்று நைனாவிடம் கேட்கவில்லை. அதன்மேல் கொஞ்ச நேரம் கையை வைத்திருந்தேன்.

ஸ்வீடனுக்குத் திரும்புகிற அன்று மேல்சித்தாமூர் கோயிலுக்குப் போனோம். நேமி பெயரைச் சொல்லி நைனா கும்பிட்டார். அஜிதா அவரைப் பார்த்து அதே மாதிரி கும்பிட்டாள். பாலை இனிக் குடிக்கலாமே நைனா என்று வெளியே வந்ததும் கேட்டேன். "அது எனக்கும் அவனுக்கும் உள்ளது. நீ அதுல வராத" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

6

திரும்பி வந்து சில வாரம் ஆகிறது. பனி இன்னும் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போனேன். கல்லின்மேல் படிந்திருந்த பனியை அஜிதா கையுறையால் துடைத்துவிட்டு, அம்மா வந்திருக்காங்க என்று தம்பியிடம் ஸ்வீடிஷில் சொன்னாள். கோபம் எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. பஸ்ஸில் கைக்குழந்தையோடு யாராவது ஏறினால் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். நேற்று ஸ்ரீபால் ஏதோ சொன்னதற்கு ஒரு கரண்டியைப் போட்ட வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். பாத்திரம் நசுங்கினால் நசுங்கட்டும். நான் நைனா மகள்.

நைனா தினமும் கூப்பிடுகிறார். இப்போதும் முதல் கேள்வி சாப்டியாதான். அதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று தெரிந்த பிறகு, ம் என்று சொல்லி முடிக்க மனசு வருவதில்லை. என்ன சமைத்தேன் என்று சொல்கிறேன். அஜிதா எவ்வளவு சாப்பிட்டாள் என்று சொல்கிறேன். அவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பின்னால் பஜார் சத்தம் வரும். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் காதில் இருக்கும்.

கடிகாரத்தைக் கழற்றிப் பழையபடி அடுப்படியில் மாட்டிவிட்டேன். நான் என் சாப்பாட்டை முன்னாலேயே முடித்துக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்குப் பழகியது அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? நேற்று முன்தினம் சாயங்காலம் அவளுக்கு ரசம் சாதம் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் யாரோ பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். கடிகாரம் இருந்த இடத்தைப் பார்த்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிறகு என் கையைப் பார்த்தாள். முகத்தை இல்லை, கையை.

நான் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பொழுது எங்கியும் போவல கண்ணு" என்றேன். "மலை மறைச்சிக்கிச்சி, அவ்ளோதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே எப்போதோ இருட்டிவிட்டிருந்தது. தெருவிளக்கில் பனி விழுந்துகொண்டிருந்தது. மலை எதுவும் இல்லை. எட்டு வயதுப் பிள்ளை, சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். அவளை ஏமாற்ற முடியாது.

"செஞ்சி மலையா?" என்று கேட்டாள். தமிழில்தான் கேட்டாள்.

"ஆமா."

"இங்க வரைக்கும் மறைக்குதா? அவ்ளோ பெரிசா அது?"

"ரொம்பப் பெரிசு" என்றேன். "ஆனா மலைதான்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு வழுக்கி விழுந்தவனின் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஒரு வாய், கொஞ்சம் கதை, இன்னொரு வாய். ரசம் சாதம் முடிந்தது. தட்டை என் பக்கம் நீட்டி, தயிர் சாதம் கொஞ்சம் வேண்டும் என்றாள்.

எழுந்து போய்ப் போட்டுக்கொண்டு வந்தேன். அவள் முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.